உப்புத் தண்ணீர் ஊரில் பயோடீசல் கழுவுவது எப்படி

பொரித்து மிஞ்சிய எண்ணெயில் பயோடீசல் செய்யச் சொல்லித்தர இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். மெத்தனால் எவ்வளவு, காஸ்டிக் பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) எவ்வளவு, எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் கலக்க வேண்டும் என்பதெல்லாம் விரிவாகச் சொல்வார்கள். கடைசியில் ‘தண்ணீர் விட்டு மூன்று தடவை கழுவவும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். காவிரிக் கரையில் இருப்பவருக்கு அந்த வரி போதும். ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் கடலோரத்தில் இருக்கிற நமக்குப் போதாது. நம்ம ஊர் போர் தண்ணீரை விட்டுக் கழுவினால், நல்லபடியாகச் செய்த பயோடீசலும் வெள்ளை வெள்ளையாகக் கட்டி தட்டி நிற்கும். எண்ணெயில் கோளாறு என்று நினைத்து மறுபடி காஸ்டிக் சேர்ப்பவர்கள் உண்டு. கோளாறு தண்ணீரில் இருக்கிறது.

அதனால் இந்தக் கட்டுரை கழுவுவதைப் பற்றி மட்டும்தான். பயோடீசல் செய்து, எண்ணெயிலிருந்து பிரிந்த கிளிசரின் அடியில் இறங்கத் தொடங்கியிருக்கிறது என்ற இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். கணக்குச் சொல்ல வசதியாக பயோடீசல் 40 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். கழுவும்போது ‘எண்ணெய்’ என்று நான் சொல்வதும் இதைத்தான்.

அதற்கு முன்னால் ஒன்று. தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். மெத்தில் ஆல்கஹால் என்ற பெயரில் மெத்தனாலையும் சேர்த்தே 1959-இல் போட்ட விதிகள் இருக்கின்றன. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது மெத்தனால் கலந்த சாராயம்தான். ஆகவே உரிமம் இல்லாமல் ஒரு கேன்கூட வீட்டில் வைக்காதீர்கள். கல்லூரி ஆய்வகம், படகு உரிமையாளர்கள் சேர்ந்த குழு என்று முறைப்படி உரிமம் வாங்கிய இடத்தில் சேர்ந்து செய்வதே நல்லது. செய்கிற பயோடீசலும் சொந்த உபயோகத்துக்குத்தான். வெளியே விற்பதற்கு மத்திய அரசின் 2019-ஆம் ஆண்டு வழிமுறைகள் தனியாக இருக்கின்றன.

கழுவாவிட்டால் என்ன?

கிளிசரினை இறக்கிய பிறகு மேலே நிற்பது பார்க்கப் பொன்னிறமாக, சுத்தமாகத்தான் தெரியும். அதற்குள் மிச்ச மெத்தனால் இருக்கிறது. வேலை முடிந்த காஸ்டிக் இருக்கிறது. காஸ்டிக்கும் பழைய எண்ணெயில் இருந்த அமிலமும் சேர்ந்து உண்டான சோப்பு இருக்கிறது. அடியில் இறங்காமல் தங்கிய கிளிசரினும் கொஞ்சம் இருக்கிறது.

சோப்பு ஃபில்டரை அடைக்கும், எரிந்த பிறகு இன்ஜெக்டர் முனையில் சாம்பலாகப் படியும். காஸ்டிக், இன்ஜின் பம்ப்பின் நுணுக்கமான பாகங்களைத் தின்னும். கிளிசரின் டேங்க் அடியில் பிசினாக உட்கார்ந்து, ஒருநாள் மொத்தமாக லைனுக்குள் போகும். மெத்தனால் ரப்பரைக் கெடுப்பதோடு, சீக்கிரம் தீப்பற்றுகிற எரிபொருளாகவும் மாற்றிவிடும். தரையில் ஓடும் ஜெனரேட்டர் நின்றால் திறந்து பார்த்துக்கொள்ளலாம். பாம்பனுக்குத் தெற்கே வாடைக்காற்றில் வள்ளத்தின் இன்ஜின் நின்றால் கதை வேறு. கழுவும் வேலையை யாரும் அரைகுறையாகச் செய்யக்கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

முதல் வேலை: தண்ணீரைச் சோதிப்பது

கழுவும் தண்ணீருக்கு ஒரே தகுதிதான் முக்கியம், அது மென்னீராக இருக்க வேண்டும். கால்சியமும் மெக்னீசியமும் கலந்த கடினநீர் பட்டதும் பயோடீசலில் இருக்கும் சோப்பு தண்ணீரில் கரைவதை விட்டுவிட்டு, கரையாத சுண்ணாம்புச் சோப்பாக மாறும். குளிக்கும்போது நுரை வராமல் உடம்பில் ஒட்டுமே, அதே வெள்ளைப் பிசுக்குத்தான். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவில் அது நின்றுகொண்டு இரண்டையும் பிரியவிடாது.

இதைக் கண்டுபிடிக்க லேப் வேண்டியதில்லை. கண்ணாடி பாட்டிலில் பாதியளவு தண்ணீர் எடுத்து, குளியல் சோப்பைச் சுரண்டி ஒரு சிட்டிகை போட்டு, மூடி நன்றாகக் குலுக்குங்கள். நுரை எழும்பி நின்று, கீழே தண்ணீர் ஓரளவு தெளிவாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். நுரை எழும்பாமல் வெள்ளைத் துணுக்குகள் மிதந்தால் அந்தத் தண்ணீர் ஆகாது. டிடிஎஸ் மீட்டர் வைத்திருப்பவர்கள் அதையும் பார்க்கலாம். ஆனால் டிடிஎஸ் மொத்த உப்பைக் காட்டுமே தவிர, அதில் கால்சியம் எவ்வளவு என்று தனியாகச் சொல்லாது. சோப்புச் சோதனையைத்தான் நான் நம்புவேன்.

நம்ம ஊரில் எந்தத் தண்ணீர் தேறும்? மழைத் தண்ணீருக்கு ஈடு எதுவும் கிடையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிற வடகிழக்குப் பருவமழையில், முதல் இரண்டு மழையை மொட்டை மாடியைக் கழுவ விட்டுவிட்டு, அப்புறம் வருவதை மூடிய டிரம்களில் பிடித்துவைத்தால் கோடை வரைக்கும் கழுவலாம். சிமென்ட் தொட்டியைவிட பிளாஸ்டிக் டிரம் நல்லது, புது சிமென்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் மென்னீர்தான், துணியில் வடிகட்டிக்கொண்டால் போதும். ஆர்ஓ தண்ணீர் பிரமாதமாக வேலை செய்யும். ஆனால் அந்த மெஷினிலிருந்து கழிவாக வெளியே போகும் தண்ணீரைத் தொடாதீர்கள், எல்லா உப்பும் அதில்தான் சேர்ந்திருக்கிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர் பரவாயில்லை ரகம். கழுவ முடியும் என்றாலும், குடிக்கிற தண்ணீரே குடம் குடமாக விலைக்கு வாங்கும் தெருவில் அதை எண்ணெய்க்குக் கொட்ட எனக்கு மனசு வராது. ராமேஸ்வரம் தீவில் மணல்மேட்டை ஒட்டிய ஆழமில்லாத கிணறுகளில் சிலது நல்ல தண்ணீராக இருக்கும், சிலது இருக்காது. கிணற்றுக்குக் கிணறு சோதிக்க வேண்டியதுதான்.

“கடல் தண்ணியிலயே கழுவிடலாமாண்ணே, பக்கத்துலதானே கிடக்கு?” என்று கேட்பவர்கள் அநேகம். கூடாது. கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் போல உப்பு என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதில் 1.3 கிராம் போல மெக்னீசியமும் 0.4 கிராம் போல கால்சியமும் இருக்கின்றன. பிசுக்கு உண்டாக்க அவ்வளவே தாராளம். மேலும் அந்த உப்பில் ஒரு பங்கு எண்ணெயோடு டேங்குக்குப் போனாலும் இரும்பு அரித்துப்போகும்.

சாமான்கள்

கழுவும் பாத்திரம் வெளியிலிருந்து உள்ளே பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். 50 லிட்டர் வெள்ளை பிளாஸ்டிக் கேன் இரண்டு வாங்கி, அடியில் டேப் போட்டுக்கொண்டால் போதும். ஒவ்வொன்றிலும் 20 லிட்டர் எண்ணெய் ஊற்றினால் தண்ணீருக்கும் கலக்குவதற்கும் இடம் இருக்கும். டேப்பும் குழாயும் பித்தளையிலோ செம்பிலோ துத்தநாகம் பூசியதிலோ வேண்டாம். அந்த உலோகங்கள் பட்டால் பயோடீசல் சீக்கிரம் கெட்டுப்போகும். எவர்சில்வர் நல்லது, கெட்டி பிளாஸ்டிக்கும் நல்லது. சாதாரண ரப்பர் ஹோஸ் ஊறி இளகிவிடும்.

பூச்செடிக்கு அடிக்கும் ஸ்பிரேயர் ஒன்று, ரப்பர் கையுறை, கண்ணாடி, மூடியுள்ள கண்ணாடி பாட்டில்கள் நாலைந்து, அமிலமா காரமா என்று நிறத்தில் காட்டும் பிஹெச் தாள் ஒரு கட்டு. வேலை செய்யும் இடம் திறந்தவெளியாக இருக்க வேண்டும். மெத்தனால் ஆவி 12 டிகிரிக்கே தீப்பற்றக் கூடியது, நம்ம ஊரில் எந்த நாளும் அதைவிடச் சூடுதான். பட்டப்பகலில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. அடுப்பும் பீடியும் பக்கத்தில் வரக்கூடாது. கண்ணில் தெறித்தால் உடனே 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கழுவுவதற்கு முன் இரண்டு சோதனைகள்

பாதி வெந்த பயோடீசலைக் கழுவவே முடியாது. எண்ணெய் முழுக்க மாறாமல் நின்றுபோயிருந்தால் அதில் இருக்கும் அரைகுறைப் பொருளே தண்ணீரையும் எண்ணெயையும் பிணைத்துவிடும்.

கலக்கி முடித்ததும் கொஞ்சம் எடுத்துத் தெளியவைத்து, மேலே நிற்பதில் 3 மில்லியை 27 மில்லி மெத்தனாலில் விட்டுக் குலுக்குங்கள். முழுக்கக் கரைந்து தெளிவாக நின்றால் மாற்றம் முடிந்தது. அடியில் எண்ணெய்த் துளி தங்கினால் மாறாத எண்ணெய் மிச்சம் இருக்கிறது, திரும்ப ஒரு முறை மெத்தனாலும் காஸ்டிக்கும் சேர்த்துக் கலக்க வேண்டும். இந்தச் சோதனை 20 டிகிரி வாக்கில் செய்வதற்கென்று வந்தது. நம்ம ஊர் மதியத்தில் 34, 35 டிகிரியில் செய்தால் தேறாததும் தேறியதாகக் காட்டிவிடும், ஏனென்றால் சூட்டில் எல்லாமே அதிகமாகக் கரையும். பாட்டிலை ஐஸ் கலந்த தண்ணீரில் நிறுத்தி, அந்த 20 டிகிரி வாக்குக்குக் குளிரவைத்த பிறகு பாருங்கள். வீட்டு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம், அதில் பிள்ளைகள் கை வைப்பார்கள்.

இரண்டாவது சோதனை எளிது. பாட்டிலில் பாதி பயோடீசல், பாதி நீங்கள் தேர்ந்தெடுத்த தண்ணீர். பத்து விநாடி பலமாகக் குலுக்கி வையுங்கள். அரை மணிக்குள் மேலே எண்ணெயும் கீழே வெள்ளைத் தண்ணீருமாகப் பளிச்சென்று பிரிந்தால் தைரியமாக இறங்கலாம். பிரியாமல் திரிதிரியாக நின்றால், அதே சோதனையை ஆர்ஓ தண்ணீரில் ஒரு தடவை செய்யுங்கள். ஆர்ஓ தண்ணீரில் பிரிந்தால் குற்றம் தண்ணீருடையது. அதிலும் பிரியாவிட்டால் எண்ணெயில் சோப்பு அதிகம், அல்லது மாற்றம் முழுமையாகவில்லை. இந்த ஒரு பாட்டில் சோதனை 40 லிட்டர் எண்ணெயையும் ஒரு நாள் உழைப்பையும் காப்பாற்றும், சோம்பல்படாதீர்கள்.

கிளிசரினோடு சேர்த்தே ஒரு கழுவல்

தண்ணீர் பஞ்சமான ஊருக்கு இது பொன்னான உத்தி. முதல் சோதனை தேறிவிட்டதென்றால், கிளிசரினை இறக்குவதற்கு முன், சூடு ஆறுவதற்கும் முன், எண்ணெய் அளவில் நூற்றுக்கு ஐந்து பங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி ஐந்து நிமிடம் போல நிதானமாகக் கலக்குங்கள். நம்ம 40 லிட்டருக்கு 2 லிட்டர் தண்ணீர். தண்ணீரோடு சேர்ந்து சோப்பிலும் காஸ்டிக்கிலும் பெரும்பங்கு கிளிசரினுக்குள் இறங்கிவிடும். அப்புறம் செய்யும் கழுவல்கள் பாதி சுலபமாகிவிடும்.

மாற்றம் முடியாத எண்ணெயில் இதைச் செய்தால் சோப்பு இன்னும் கூடும். ஆகவே சோதனை தேறாமல் தண்ணீரைத் தொட வேண்டாம்.

அப்படியே ஒரு இரவு முழுக்க விடுங்கள். கிளிசரின் கனமானது, காலையில் அடியில் கறுப்புத் தேன் நிறத்தில் தனியாகத் தெரியும். டேப்பைக் கொஞ்சமாகத் திறந்து இறக்குங்கள். கறுப்பு மாறிப் பொன்னிறம் வரத் தொடங்கும் இடத்தில் மூடி, ஒரு மணி நேரம் பொறுத்து இன்னொரு தடவை திறந்தால் சுவரில் ஒட்டியிருந்ததும் இறங்கி வந்திருக்கும்.

முதல் கழுவல்

அவசரம் காட்டக் கூடாத இடம் இது. எண்ணெயில் சோப்பு அதிகமாக இருக்கும்போது பலமாகக் கலக்கினால் எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடும்.

எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் எடுங்கள். 40 லிட்டருக்கு 13 லிட்டர், ஆளுக்குப் பாதியாக இரண்டு கேனுக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் நல்லது. நம்ம வெயிலில் அதற்கு அடுப்பு வேண்டாம், கறுப்பு டிரம்மில் மழைத் தண்ணீரை ஊற்றி மத்தியானம் வரைக்கும் வெளியில் வைத்தால் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடும். அதை ஸ்பிரேயரில் நிரப்பி, எண்ணெயின் மேல் பனித்தூறலாக அடியுங்கள். கலக்கவே வேண்டாம். துளிகள் தம் கனத்தில் எண்ணெய்க்குள் இறங்கிப் போகும் வழியில் சோப்பையும் மெத்தனாலையும் வாரிக்கொண்டு போகும்.

கேனின் பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பாருங்கள். மேலே பொன்னிறம் கொஞ்சம் மங்கி, மஞ்சள் குழைத்த மாதிரி ஆகும், அது சரிதான், உள்ளே நுண்ணிய துளிகள் இருக்கின்றன. கீழே சேரும் தண்ணீர் வெள்ளை வெளேர் என்று இருக்க வேண்டும், அதுதான் சோப்பு. இரண்டுக்கும் நடுவில் விரல்கடை அளவுக்கு நுரைநுரையாக ஒரு படலம் நிற்கும். அந்தப் படலம் மெலிசாக இருக்கும்வரை கவலையில்லை. தண்ணீர் அடிக்க அடிக்க அது தடித்துக்கொண்டே போனால் நிறுத்துங்கள். ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

அடித்து முடித்ததும் ஓரிரண்டு மணி நேரம் தெளியவிட்டு வெள்ளைத் தண்ணீரை இறக்குங்கள். நடுப்படலத்தை இப்போது இறக்க வேண்டாம். அதில் நல்ல எண்ணெய் நிறைய இருக்கிறது, அடுத்த கழுவலில் தானே உடையும்.

தண்ணீரில் வினிகர் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். முதல் கழுவலில் ஒரு லிட்டருக்கு ஒரு ஸ்பூன் போல சேர்த்தால் மிச்சக் காஸ்டிக்கை முறிக்கும், பிரிவதும் சீக்கிரமாகும். கூடிப்போனால் அமிலம் சோப்பை உடைத்துத் திரும்பக் கொழுப்பு அமிலமாக்கும். அது தண்ணீருக்குப் போகாமல் எண்ணெயிலேயே கரைந்து தங்கிவிடும். தண்ணீர் பளிங்காக வரும், எண்ணெய் கெட்டிருக்கும். புதிதாகச் செய்பவர்கள் வினிகர் இல்லாமலே பழகுவது நல்லது.

இரண்டாவதும் மூன்றாவதும்

இரண்டாவது கழுவலில் அதே அளவு தண்ணீரை ஊற்றி, மரக் கரண்டியால் மேலும் கீழுமாக மெதுவாகக் கிளறலாம். மீன்தொட்டிக் காற்று மோட்டாரின் கல்லை அடித் தண்ணீரில் போட்டுக் குமிழி விடுவதும் உண்டு. ஒவ்வொரு குமிழியும் தண்ணீரைப் போர்த்திக்கொண்டு எண்ணெய் வழியாக மேலே ஏறி, உடைந்து, அந்தத் தண்ணீர் திரும்ப இறங்கும். ஆள் நிற்க வேண்டியதில்லை என்பது அதன் வசதி. ஆனால் மணிக்கணக்காகக் காற்று ஊதினால் எண்ணெய் காற்றுப்பட்டுக் கெடத் தொடங்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தோடு நிறுத்திவிடுங்கள், இரவு முழுக்க ஓடவிட வேண்டாம்.

மூன்றாவதில் பயமில்லாமல் நன்றாகக் கலக்கலாம். இறங்கும் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, அதில் நனைத்த பிஹெச் தாள் நீங்கள் ஊற்றிய தண்ணீரின் நிறத்தையே காட்டுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் கழுவல் முடிந்தது. தண்ணீர் இன்னும் மங்கலாக இருந்தால் நான்காவது தடவை.

பிரியாமல் குழம்பிவிட்டால்

திரிந்த பால் போல கேன் முழுக்க நின்றுவிட்டால் கை பதறி மேலும் தண்ணீர் ஊற்றாதீர்கள். முதலில் ஒரு இரவு விடுங்கள், பாதிக் குழப்பம் பொறுமையிலேயே தீரும். காலையிலும் பிரியாவிட்டால் கேனை வெயிலில் வையுங்கள், சூடு ஏற ஏறப் பிடி தளரும்.

அதற்கும் மசியாவிட்டால் உப்பு. ஒரு லிட்டர் மென்னீரில் 100 கிராம் போல உப்பைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே தெளித்தால் தண்ணீர் கனத்துக் கீழே இறங்கிவிடும். உப்புக்கு நமக்குப் பஞ்சமில்லை, வாலிநோக்கத்தில் உப்பளமே இருக்கிறது. ஆனால் பாத்தியிலிருந்து வாரிய கல்லுப்பு இதற்கு ஆகாது. கடல் நீரின் மெக்னீசியமும் கால்சியமும் கொஞ்சம் அதோடு ஒட்டியிருக்கும், பிசுக்கு அதிகமாகும். கடையில் விற்கும் சுத்திகரித்த தூள் உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிந்த பிறகு மென்னீரில் கட்டாயம் இரண்டு தடவை கழுவ வேண்டும், உப்பு மிஞ்சினால் இன்ஜினுக்குத்தான் கேடு.

உப்புக்கும் பிரியாத எண்ணெய் முழுக்க மாறாத எண்ணெய் என்று எடுத்துக்கொள்ளலாம். தண்ணீரை முடிந்தவரை இறக்கி, காயவைத்து, திரும்ப மெத்தனால், காஸ்டிக் வேலைக்கே போக வேண்டியதுதான்.

தண்ணீரைச் சிக்கனம் செய்வது, கழிவை அப்புறப்படுத்துவது

மூன்று கழுவலுக்கு 13 லிட்டர் வீதம் 39 லிட்டர், ஏறக்குறைய எண்ணெய் அளவுக்கே தண்ணீர். இதை மூன்றில் ஒன்றாகக் குறைக்கலாம். மூன்றாவது கழுவலில் இறங்கும் தண்ணீர் கிட்டத்தட்ட சுத்தமானது. அதை அடுத்த முறை செய்யும் எண்ணெயின் இரண்டாவது கழுவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதில் இறங்கியது அடுத்த முறையின் முதல் கழுவலுக்கு. இப்படிச் சுற்றினால் ஒவ்வொரு முறைக்கும் புதுத் தண்ணீர் 13 லிட்டர்தான் செலவாகும். நாள்பட்டால் நாற்றம் வரும் என்பதால், வாரத்துக்குள் அடுத்தது செய்வதாக இருந்தால் மட்டும் சேர்த்துவையுங்கள்.

முதல் கழுவலில் வந்த வெள்ளைத் தண்ணீர்தான் கழிவு. மெத்தனாலும் சோப்பும் கிளிசரினும் கலந்தது. ஊரணியிலோ கண்மாயிலோ கடலிலோ ஊற்றவே கூடாது. இந்தக் கழிவு அழுகும்போது தண்ணீரில் இருக்கும் பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும், மீன்குஞ்சு தங்காது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே இருக்கும் 21 தீவுகளும் 1986 முதல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவாக இருப்பது அங்கே வளரும் பவளத்துக்கும் கடற்புல்லுக்கும்தான். நம் பிழைப்பும் அதை நம்பித்தான் இருக்கிறது.

ஆள் நடமாட்டம் இல்லாத வெட்டவெளியில், தார்ப்பாய் விரித்த ஆழமில்லாத குழியில் ஊற்றி வலை போட்டு மூடுங்கள். மெத்தனாலும் தண்ணீரும் வெயிலில் போய்விடும். ஆடு, நாய் வாய் வைக்காதபடி வேலி கட்டாயம். மிஞ்சும் பிசுக்கைச் சுரண்டிக் கிளிசரினோடு சேர்த்துவைக்கலாம். இந்த இடத்தில் காஸ்டிக் சோடாவா, காஸ்டிக் பொட்டாஷா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. சோடாவில் செய்தால் கழிவில் சோடியம். ஏற்கெனவே உவர் ஏறிய நிலத்துக்கு இன்னும் சோடியம் வேண்டாம். விலை கூட என்றாலும் இந்தக் கடற்கரையில் பொட்டாஷ்தான் சரி.

தண்ணீரே இல்லாமல் சுத்தம் செய்யும் முறையும் இருக்கிறது. மெத்தனாலை வடித்து எடுத்துவிட்டால் சோப்பு எண்ணெயில் கரைந்து நிற்க முடியாமல் வெளியே வரும். அதைக் காய்ந்த மரத்தூள் அடைத்த குழாய் வழியாகவோ, அதற்கென்றே விற்கும் ரெசின் வழியாகவோ விட்டால் பிடித்துக்கொள்ளும். மெத்தனாலைப் பாதுகாப்பாக வடிக்கும் ஏற்பாடு இருக்கும் குழுக்களுக்கு நம்ம ஊரில் அதுவே தோது. புதியவர்கள் முதலில் தண்ணீரில் பழகுங்கள்.

காயவைப்பது

கழுவிய பயோடீசல் மங்கலாக இருக்கும். ஒரு நாள் நின்றால் தெளியும். தெளிந்ததும் காய்ந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். சாதாரணச் சூட்டில் ஒரு கிலோ பயோடீசல் 1,000 முதல் 1,500 மில்லிகிராம் வரை தண்ணீரைக் கரைத்துக்கொண்டு பளிங்காகத் தெரியும். இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 15607 அனுமதிப்பது கிலோவுக்கு 500 மில்லிகிராம்தான்.

நம்ம கடற்காற்றில் ஈரம் அதிகம். திறந்த பாத்திரத்தில் இரவில் வைத்தால் எண்ணெய் காய்வதற்குப் பதிலாகக் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொள்ளும். எண்ணெயின் சூடு காற்றின் சூட்டைவிடக் கூடுதலாக இருந்தால்தான் ஈரம் வெளியே போகும். மூன்று நான்கு மணி நேரம், எண்ணெயை 55 முதல் 60 டிகிரி சூட்டில் வைத்து, சின்ன பம்ப் வைத்து அடியிலிருந்து எடுத்து மேலே ஷவர் மாதிரி விழவிட்டுச் சுற்றவிடுங்கள். மின்சார ஹீட்டர் போதும், நேரடித் தீ வேண்டாம். பங்குனி, சித்திரை வெயிலில் அகலமான எவர்சில்வர் அண்டாவில் நான்கு விரல் உயரத்துக்கு ஊற்றி, பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் வைத்துக் கிளறுவதும் நல்ல பலன் தரும். மூன்று மணிக்கு மேல் கடற்காற்று ஈரத்தோடு ஏறும்போது எடுத்து மூடிவிட வேண்டும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுக்காரர்களுக்குக் கையில் நேரமும் தலைக்கு மேல் வெயிலும் சேர்ந்து கிடைப்பது அப்போதுதான்.

காய்ந்ததா என்று பார்க்க, சின்ன இரும்புக் கரண்டியை அடுப்பில் சூடாக்கி, அடுப்பிலிருந்து தள்ளிக் கொண்டுவந்து, நான்கு சொட்டு விடுங்கள். படபடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. சத்தமில்லாமல் லேசாகப் புகைந்தால் நல்லது.

சோப்பு எவ்வளவு மிச்சம் என்று எண்ணிக்கையில் தெரிய வேண்டுமென்றால், பக்கத்துக் கல்லூரி வேதியியல் துறையில் கேட்கலாம். 100 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் 10 கிராம் பயோடீசல், சில சொட்டு புரோமோஃபீனால் நீலம், அதில் 0.01 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டுச் சொட்டாக. நீலம் மஞ்சளாகும் வரைக்கும் செலவான ஒவ்வொரு மில்லிக்கும் பத்து லட்சத்தில் 320 பங்கு பொட்டாஷ் சோப்பு என்று கணக்கு. சோடியமும் பொட்டாசியமும் சேர்த்துக் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது தரம். இந்தச் சோதனையில் அது 0.13 மில்லி அமிலம்தான், அதாவது இரண்டு மூன்று சொட்டு.

வடிகட்டி, வைத்து, ஊற்றுவது

5 மைக்ரான் ஃபில்டரில் ஒரு தடவை விட்டு, சுத்தமாகக் காய்ந்த கேனில் விளிம்பு வரை நிரப்பி இறுக்கி மூடுங்கள். மேலே காற்று இருந்தால் அதிலுள்ள ஈரம் இறங்கும். நிழலில் வையுங்கள், மூன்று மாதத்துக்குள் செலவழித்துவிடுங்கள். பாமாயிலில் செய்தது 15 டிகிரிக்குப் பக்கத்தில் உறையத் தொடங்கும். மார்கழியிலும் நம்ம கரையில் அவ்வளவு குளிர் வராது, அந்த விஷயத்தில் நமக்குக் கொடுப்பினை உண்டு.

முதலில் ஊற்றிப் பார்க்க வேண்டியது தரையில் இருக்கும் இன்ஜினில். பம்ப்செட், ஜெனரேட்டர், ஐஸ் உடைக்கும் இன்ஜின் எதுவானாலும் சரி, ஐந்தில் ஒரு பங்கு பயோடீசல், மிச்சம் டீசல் என்று தொடங்குங்கள். பல வருஷம் டீசல் நின்ற டேங்கின் அடிப்படிவை பயோடீசல் கரைத்துக் கிளப்பிவிடும், அது நேராக ஃபில்டருக்குத்தான் போகும். எனவே முதல் தடவை ஊற்றும்போதே மாற்று ஃபில்டர் ஒன்றை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் ஹோஸ் கசிகிறதா, ஃபில்டர் கிண்ணத்தில் வெள்ளையாக எதுவும் படிகிறதா என்று ஒவ்வொரு நாளும் பாருங்கள். வெள்ளைப் படிவு கண்டால் கழுவல் போதவில்லை, அந்தக் கேனை அப்படியே திரும்பக் கழுவுங்கள். தரையில் இரண்டு மூன்று மாதம் தொந்தரவில்லாமல் ஓடி, ஃபில்டரும் சுத்தமாக நின்ற பிறகு வள்ளத்துக்கு மாற்றலாம். அப்போதும் முதல் சில நாட்கள் கரை தெரியும் தூரத்துக்குள்ளேயே தொழிலை வைத்துக்கொண்டு, இன்னொரு ஃபில்டரையும் ஒரு கேன் சுத்த டீசலையும் கூடவே ஏற்றிக்கொள்ளுங்கள்.